முத்திரையிட்ட இரண்டு உறைகள்: குமராங்க் தீவுப் பாலத்தின் வழக்கு

1994 ஜூலை தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பழங்குடியினர் விவகார மத்திய அமைச்சர் ராபர்ட் டிக்னரின் அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை வந்து சேர்ந்தது. அதனுடன் ஏறத்தாழ 400 மனுக்களும் ஒரு மானிடவியலாளரின் ஆய்வும் இருந்தன. அந்த ஆய்வின் பின்னிணைப்புகள் இரண்டு மூடி முத்திரையிட்ட உறைகளில் தனியே வைக்கப்பட்டிருந்தன. பெண்கள் மட்டுமே படிக்க வேண்டும் என்று உறைகளின் மேல் எழுதியிருந்தது. டிக்னர் அவற்றைத் திறக்கவில்லை. தன்னிடம் பணிபுரிந்த ஒரு பெண் ஆலோசகரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மரியாதை தெரிந்தவர் எவரும் அதைத்தான் செய்திருப்பார். அந்த மரியாதைதான், ஒரு தீவுக்குக் கட்டவிருந்த பாலத்துக்குத் தடை விதித்த அவருடைய முடிவைப் பின்னர் நீதிமன்றத்தில் கவிழ்த்தது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் குமராங்க் என்கிற ஹிண்ட்மார்ஷ் தீவுப் பால விவகாரத்தைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அந்தத் தீவு தங்கள் இரகசியப் புனித அறிவோடு தொடர்புடையது, பாலம் கூடாது என்று பழங்குடிப் பெண்கள் சொன்னது உண்மையா, பொய்யா என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே பெரும்பாலும் பேச்சு நடந்தது. என் பார்வையில் அதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று. இரகசியமாக இருப்பதால்தான் புனிதமாக இருக்கும் ஒன்றை, சொல்லிக் காட்டினால்தான் காப்பேன் என்று ஒரு சட்டம் நிபந்தனை வைத்தால் என்ன நடக்கும்? என்ன நடந்தது என்பது பதினாறு ஆண்டு ஆவணங்களில் கிடக்கிறது.

இடமும் மக்களும்

அடிலெய்டு நகரிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் கூல்வா என்ற சிற்றூர். ஆஸ்திரேலியாவின் பெருநதியான மர்ரே அதற்கு அருகில்தான் கடலில் கலக்கிறது. ஊருக்கு எதிரே, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவுக்குக் குடியேறிகள் தங்கள் முதல் ஆளுநரின் பெயரைச் சூட்டி ஹிண்ட்மார்ஷ் என்றார்கள். அந்த மண்ணின் மக்கள் அதைக் குமராங்க் என்று அழைக்கிறார்கள். அவர்கள் ஙாரிஞ்ஜெரி மக்கள். ங என்ற எழுத்தில் தொடங்கும் சொல் நம்மிடம் தேடினாலும் கிடைப்பது அரிது. அவர்களுக்கோ இனத்தின் பெயரே அதில்தான் தொடங்குகிறது.

ஙுருந்தெரி என்ற முன்னோர், போண்டி என்ற மாபெரும் மீனைத் துரத்திக்கொண்டு வந்தபோது அந்த மீனின் வால் வீச்சில் மர்ரே ஆறு அகன்று வளைந்தது என்பது அவர்களுடைய படைப்புக் கதை. தன்னை விட்டு ஓடிய இரு மனைவியரை அவர் கடலோரம் வரை தேடி வருகிறார். அவர்கள் நீரில் மூழ்கித் தீவுகளாகிறார்கள். இது எல்லோரும் அறிந்த கதை, ஆண்களும் பெண்களும் குழந்தைகளுக்குச் சொல்வது. நன்னீரும் உப்பு நீரும் சந்திக்கும் அந்த முகத்துவாரம் ஙாரிஞ்ஜெரி மக்களுக்கு வெறும் நிலக்காட்சியாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதை இந்தக் கதை ஒன்றே சொல்லிவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும், பின்னால் வருவதற்கு அது தேவை. 1859-இல் ஜார்ஜ் டாப்ளின் என்ற பாதிரியார் அலெக்ஸாண்ட்ரினா ஏரிக்கரையில் பாயிண்ட் மெக்லே என்ற மிஷனைத் தொடங்கினார். இன்று அந்த இடத்தின் பெயர் ரௌக்கன். தீட்சைச் சடங்குகளை அவர் எதிர்த்தார், தடுத்தார். அடுத்த நூறு ஆண்டுகளில் குழந்தைகள் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டார்கள். மரபறிவு வெளிப்படையாக நடமாட முடியாத காலம் அது. சிலரிடம் மட்டும், சில வீடுகளில் மட்டும், குரலைத் தாழ்த்திச் சொல்லப்பட்டவை எத்தனையோ. 1935-இல் அந்த மிஷனில் பிறந்த டோரின் கார்ட்டின்யெரி தாயை இழந்த பிறகு அடிலெய்டில் ஒரு பெண் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்பப்பட்டவர். பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் ஙாரிஞ்ஜெரி குடும்பங்களின் வம்சாவளிகளைத் தொகுத்து, அந்த மக்களின் வரலாற்றாசிரியராக மதிக்கப்பட்டார். இந்த வழக்கின் நடுவே நிற்பவர் அவர்.

படகுத்துறையிலிருந்து பாலத்துக்கு

டாம் சாப்மேன், வெண்டி சாப்மேன் தம்பதியர் தங்கள் பினலாங் நிறுவனத்தின் வழியாகத் தீவில் உல்லாசப் படகுத்துறையும் குடியிருப்பு மனைகளும் அமைத்துவந்தார்கள். தீவுக்குப் போக அன்று வடக் கயிற்றில் ஓடும், கார்களை ஏற்றிச் செல்லும் படகு ஒன்றுதான் வழி. விடுமுறை நாட்களில் கார்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். மனைகள் விற்க வேண்டுமானால் பாலம் வேண்டும். 1989-இல் சுமார் 64 லட்சம் டாலர் மதிப்பில் பாலத் திட்டம் முன்வைக்கப்பட்டது. பிறகு மாநில அரசும் நிறுவனமும் வெஸ்ட்பேக் வங்கியும் ஓர் ஒப்பந்தத்தில் பிணைந்தன. நிறுவனம் கடனில் மூழ்கியது. 1993 டிசம்பரில் ஆட்சி மாறியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது பாலத்தை எதிர்த்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் ஒப்பந்தத்திலிருந்து விடுபட வழியில்லை என்று கண்டுகொண்டார்கள்.

பாலத்தை முதலில் எதிர்த்தவர்கள் தீவுவாசிகளும் சூழலியலாளர்களும் தொழிற்சங்கத்தினரும். பழங்குடியினரிடம் கேட்டார்களா என்றால், கேட்டது போலவும் சொல்லலாம், கேட்காதது போலவும் சொல்லலாம். தொடக்கத்தில் நடந்த மானிடவியல் ஆய்வு, எழுத்தில் ஏற்கெனவே பதிவானவற்றைப் புரட்டிப் பார்த்தது. பாலம் அமையும் இடத்தோடு நேரடியாகத் தொடர்புடைய பதிவு எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. காகிதத்தில் இல்லாததை மக்களிடம் போய்க் கேட்கும் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு திட்டம் ஐந்து ஆண்டு ஓடி, வங்கிக் கடன் வாங்கி, அரசாங்க முத்திரையும் பெற்ற பிறகு கடைசி நிமிடத்தில் வந்து நிற்கிற எதிர்ப்பு எவருக்கும் சந்தேகத்தைத் தரும். அந்தச் சந்தேகத்தின் விதை இந்த ஆண்டுகளில்தான் ஊன்றப்பட்டது.

1994 மே மாதத் தொடக்கத்தில், தெற்கு ஆஸ்திரேலியாவின் 1988-ஆம் ஆண்டுப் பழங்குடி மரபுச் சட்டத்தைப் பயன்படுத்தி, கட்டுமானத்துக்குத் தேவையான அளவுக்குத் தொல்லிடங்களைச் சேதப்படுத்த மாநில அமைச்சர் அனுமதி அளித்தார். அது பழங்குடி மரபைக் காப்பதற்கான சட்டம். ஆனால் சேதப்படுத்த அனுமதி தரும் அதிகாரமும் அதற்குள்ளேயே ஒரு பிரிவாக இருந்தது. அந்தக் காலத்து ஆஸ்திரேலிய மாநிலச் சட்டங்களின் இலக்கணம் அது.

பெண்கள் காரியம்

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கார்ட்டின்யெரியும் வேறு சில ஙாரிஞ்ஜெரி பெண்களும் பேசத் தொடங்கியிருந்தார்கள். தீவும் அதைச் சூழ்ந்த நீரும் பெண்களின் புனித அறிவோடு தொடர்புடையவை என்றார்கள். அந்த அறிவு தாய்வழியில், தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் சொல்லப்படுவது. தீவையும் கரையையும் பாலத்தால் நிரந்தரமாக இணைத்தால் தங்கள் இனத்தின் பிறப்புக்கும் தொடர்ச்சிக்கும் கேடு வரும் என்றார்கள். கார்ட்டின்யெரி தான் இளம்பெண்ணாக இருந்தபோது மூத்த உறவுப் பெண்மணி ஒருவரிடமிருந்து இதைக் கேட்டதாகச் சொன்னார்.

அவர்கள் பொதுவில் சொன்னது இவ்வளவுதான். மீதி உறைகளில் இருந்தது. அதைத் தோண்டும் எண்ணம் எனக்கு இல்லை. அந்த உறைகளைத் திறக்க எத்தனை பேர் எத்தனை வழிகளில் முயன்றார்கள் என்பதுதான் இந்த வழக்கு. அந்தக் கூட்டத்தில் இன்னொருவராகச் சேர விருப்பமில்லை.

ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பேசும் ஆங்கிலத்தில் சடங்கும் அதைச் சார்ந்த அறிவும் அடங்கிய இதற்கு 'பிசினஸ்' என்று பெயர். பத்திரிகைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தன, ஏதோ வியாபாரம்போல. தமிழில் 'பெண்கள் காரியம்' என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கிவிடும். காரியம் என்பது வேலையும்தான், பத்தாம் நாள் செய்வதும்தான். 'மறை' என்ற சொல்லும் அப்படித்தான். ஒளித்து வைப்பதற்கும் வேதத்துக்கும் நம்மிடம் ஒரே சொல். கான்பெராவின் சட்ட வரைவாளர்களுக்கு அந்த வசதி இல்லை.

மத்திய அரசிடம் 1984-ஆம் ஆண்டு இயற்றிய மரபுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருந்தது. மாநிலம் கைவிட்ட இடத்தில் கடைசிப் புகலிடமாக மத்திய அமைச்சர் தலையிடலாம். மே 12 அன்று டிக்னர் அவசரத் தடை பிறப்பித்து வேலையை நிறுத்தினார். அவசரத் தடைக்கு ஆயுள் 30 நாள், நீட்டித்தால் இன்னொரு 30. நீண்ட காலத் தடை வேண்டுமானால் ஒருவரை நியமித்து, பொது அறிவிப்பு கொடுத்து, மனுக்கள் பெற்று, அறிக்கை வாங்கி, அமைச்சர் அதைப் பரிசீலிக்க வேண்டும். மெல்போர்ன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஷெரில் சாண்டர்ஸ் நியமிக்கப்பட்டார். மானிடவியலாளர் டீன் ஃபெர்கி பெண்களுடன் பேசி ஆய்வை எழுதினார். எல்லாமே அந்த அறுபது நாட்களுக்குள். ஜூலை 10 அன்று பாலத்துக்கு 25 ஆண்டுத் தடை வந்தது.

ஒரு வினைச்சொல்லின் விலை

சாப்மேன் தம்பதியர் வழக்குத் தொடுத்தார்கள். 1995 பிப்ரவரியில் மத்திய நீதிமன்ற நீதிபதி ஓ'லாக்லின் தடையை ரத்து செய்தார். டிசம்பரில் முழு அமர்வும் அதை உறுதி செய்தது. காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, பொது அறிவிப்பு போதுமானதாக இல்லை. எந்த இடம், என்ன ஆபத்து என்று எதிர்த்தரப்பினர் அறிந்து பதில் சொல்லும் அளவுக்கு அது தெளிவாக எழுதப்படவில்லை. இரண்டு, மனுக்களை அமைச்சர் பரிசீலிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னால், அமைச்சர்தான் பரிசீலிக்க வேண்டும். உறைகளில் இருந்தவையும் அறிக்கையோடு வந்தவையே. வேறொருவர் படித்து, 'படித்துவிட்டேன், சரியாக இருக்கிறது' என்று சொன்னால் அது அமைச்சரின் பரிசீலனை ஆகாது.

இந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஒருவருடைய சொத்தைப் பாதிக்கும் முடிவை எடுப்பவர் அதற்கான ஆதாரத்தைத் தானே பார்க்க வேண்டும் என்பது நியாயமான விதி. கவனிக்க வேண்டியது அந்த விதியின் மறுபக்கம். அமைச்சர் படித்திருந்தால் சட்டம் நிறைவேறியிருக்கும், பெண்களின் சட்டம் மீறப்பட்டிருக்கும். படிக்காததால் பெண்களின் சட்டம் காக்கப்பட்டது, தீவு போயிற்று. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது: இந்த ஒரு முடிவை மட்டும் எடுக்கும் பொறுப்பை ஒரு பெண் அமைச்சரிடம் முறைப்படி ஒப்படைத்திருக்கலாம். அந்த அமைச்சரவையில் பெண்கள் இருந்தார்கள். அவசரத்திலோ அஜாக்கிரதையிலோ அது நடக்கவில்லை. வழக்கின் எல்லாத் திருப்பங்களிலும் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

இதற்கிடையே இன்னொரு அவமானம். 1995 மார்ச்சில் எதிர்க்கட்சியின் முன்வரிசை உறுப்பினர் இயன் மெக்லக்லன், அமைச்சருக்குச் சேர வேண்டிய ஒரு பெட்டிக் காகிதங்கள் தவறுதலாகத் தன் அலுவலகத்துக்கு வந்ததைக் கொண்டு நாடாளுமன்றத்தில் பேசினார். அந்தப் பெட்டியில் பெண்களின் இரகசிய ஆவணங்களும் இருந்தன. அவருடைய அலுவலகத்தில் அவற்றை நகலெடுத்திருந்தார்கள். சில நாட்களில் அவர் நிழல் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு தேர்தலில் அவருடைய கட்சி வென்றதும் பாதுகாப்பு அமைச்சரானார்.

மௌனம் பொய்யாகிறது

1995 மே மாதம் ஙாரிஞ்ஜெரி பெண்களிலேயே சிலர் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். இப்படி ஒரு பெண்கள் மறை இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதே இல்லை, இது இட்டுக்கட்டியது என்றார்கள். அந்த மண்ணிலேயே வளர்ந்த, மரியாதைக்குரிய மூத்த பெண்கள் அவர்கள். அடுத்த மாதம் ஓர் ஆண் தலைவர் தொலைக்காட்சிப் பேட்டியில் கதை புனையப்பட்டதுதான் என்று சொல்லி, பிறகு அந்தப் பேச்சிலிருந்து பின்வாங்கினார். மாநில அரசு காத்திருந்தது போல அரச ஆணையம் ஒன்றை அமைத்தது. தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி ஐரிஸ் ஸ்டீவன்ஸ். விசாரிக்க வேண்டியது: பெண்கள் காரியம் புனைவா, புனைவென்றால் எந்த அளவில், என்ன நோக்கத்தில்?

ஒரு மக்கள் கூட்டத்தின் மத நம்பிக்கை உண்மையா என்று அரசு ஆணையம் வைத்து விசாரித்த அந்தக் காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கையை உரிமை கோரிய பெண்கள் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார்கள். எதிர்த்த பெண்கள் சொன்னார்கள். அருங்காட்சியகத்தின் மானிடவியலாளர்கள் சொன்னார்கள். ரொனால்ட் பெர்ன்ட், கேத்தரின் பெர்ன்ட் தம்பதியர் 1930-களின் இறுதியிலும் 40-களின் தொடக்கத்திலும் அங்கே செய்த களஆய்வில் பெண்களுக்கென்று தனி இரகசிய மரபு பதிவாகவில்லை என்பது பெரிய ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1935 முதல் 1940 வரை முகத்துவாரத்தில் கட்டிய தடுப்பணைகள் ஏற்கெனவே தீவை நிலத்தோடு இணைத்திருக்கின்றன. அணைக்கு வராத கேடு பாலத்துக்கு மட்டும் ஏன் வரும் என்ற கேள்வியும் எழுந்தது. 1995 டிசம்பரில் ஆணையம் தீர்மானித்தது: புனைவு.

பெர்ன்ட் ஆதாரத்தை எடைபோடுவோம். கேத்தரின் பெர்ன்ட் பெண்களிடம் பேசியவர்தான், திறமையான ஆய்வாளர்தான். ஆனால் மிஷன் தொடங்கி எண்பது ஆண்டு கழித்து, சடங்குகள் தடுக்கப்பட்ட ஒரு சமூகத்தில், இளம் வயது வெளியாளிடம் சொல்லப்படாதது எதுவும் இல்லவே இல்லை என்று எப்படிச் சொல்வது? பொதுவாக யாருக்கும் சொல்லப்படாத ஒன்று பதிவேட்டில் இல்லை என்பது அதன் இயல்பு. எதிர்த்த பெண்கள் கேள்விப்படவில்லை என்பதும் அப்படியே. தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் சொல்லப்படும் அறிவு பலருக்குத் தெரியாமல்தான் இருக்கும்.

இந்த வாதத்துக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ஆதாரம் இல்லாததையே ஆதாரமாக்கினால் எந்தக் கோரிக்கையையும் யாரும் சோதிக்க முடியாது. எதிர்ப்பக்கம் நின்ற ஙாரிஞ்ஜெரி பெண்களுக்கும், கடனில் நொடிந்த சாப்மேன் தம்பதியருக்கும் அந்தக் குறை உண்மையான குறைதான். ஆகவே கேள்வி சோதிக்கலாமா வேண்டாமா என்பதாக இருந்திருக்கக் கூடாது. யார், எந்த அறையில், எந்த நிபந்தனையில் சோதிப்பது என்பதாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு சின்னத் தகவல். ஆணையம் நடந்துகொண்டிருந்த 1995 அக்டோபரில் ஆஸ்திரேலியா புதிய 50 டாலர் நோட்டை வெளியிட்டது. அதில் இருந்தது ஙாரிஞ்ஜெரி அறிஞர் டேவிட் யுனைபனின் படமும், அவர் பிறந்த ரௌக்கன் மிஷனின் தேவாலயமும்.

சட்டம் மாற்றி எழுதப்படுகிறது

டிக்னர் விடவில்லை. மத்திய நீதிமன்ற நீதிபதி ஜேன் மேத்யூஸ் மீண்டும் முதலிலிருந்து அறிக்கை தயாரிக்க நியமிக்கப்பட்டார். பெண் நீதிபதி; முதல் முயற்சியில் கற்ற பாடம் தெரிகிறது. 1996 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் (ஆஸ்திரேலியாவில் அதுதான் நாட்டின் உச்ச நீதிமன்றம்) அந்த நியமனமே செல்லாது என்றது. பதவியில் இருக்கும் நீதிபதி ஓர் அமைச்சருக்கு அறிக்கை எழுதுவது நீதித்துறையின் தன்னுரிமைக்கு ஒவ்வாதது என்பது காரணம். அதற்குள் ஆட்சியும் மாறிவிட்டது.

புதிய பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு பிரச்சினையை வெட்டிப் போட்டது. ஹிண்ட்மார்ஷ் தீவுப் பாலச் சட்டம் 1997-இல் நிறைவேறியது. மரபுப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தும், இந்த ஒரு பாலத்துக்கு மட்டும் பொருந்தாது என்பதே அதன் சாரம். கார்ட்டின்யெரி உயர் நீதிமன்றம் போனார். அங்கே வழக்கு பாலத்தைவிடப் பெரிதாயிற்று. அரசியலமைப்பின் 51-ஆம் பிரிவில் 'இன அதிகாரம்' என்று ஒன்று இருக்கிறது: எந்த இனத்து மக்களுக்கும் தனிச் சட்டம் இயற்றும் அதிகாரம். 1967 வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஆம் என்று வாக்களித்து, பழங்குடியினரை அந்த அதிகாரத்திலிருந்து விலக்கியிருந்த சொற்களை மக்கள் நீக்கினார்கள். அவர்களுக்கு நன்மை செய்யத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதே அதிகாரத்தைக் கொண்டு அவர்களுக்குப் பாதகமாகவும் சட்டம் இயற்றலாமா என்பது கார்ட்டின்யெரி வழக்கின் கேள்வி. 1998 ஏப்ரல் 1 அன்று ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. கொடுத்த பாதுகாப்பைத் திரும்ப எடுக்கவும் நாடாளுமன்றத்தால் முடியும் என்பது பெரும்பான்மையினர் சிலரின் தர்க்கம். மாறுபட்டவர் மைக்கேல் கர்பி ஒருவர்தான்.

1999 அக்டோபரில் வேலை தொடங்கியது. 2001 மார்ச்சில் பாலம் திறக்கப்பட்டது. 319 மீட்டர் நீளம்.

அதே ஆண்டு ஆகஸ்டில் யாரும் எதிர்பாராத தீர்ப்பு ஒன்று வந்தது. சாப்மேன் தம்பதியர் டிக்னர், சாண்டர்ஸ், ஃபெர்கி ஆகியோர் மீதும் ஃபெர்கியை அனுப்பிய பல்கலைக்கழக ஆலோசனை நிறுவனத்தின் மீதும் பெருந்தொகை இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். நீதிபதி ஜான் வான் டூஸா நீண்ட விசாரணை நடத்தினார். இந்த முறை கார்ட்டின்யெரி கூண்டில் ஏறினார். ஆணையத்தின் முன் பேசாதவர் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு நின்றார். வான் டூஸா வழக்கைத் தள்ளுபடி செய்தார். தன் முன் உள்ள சாட்சியத்தின்படி அந்தப் பெண்களின் அறிவு புனையப்பட்டது என்றோ, உண்மையான மரபின் பகுதி இல்லை என்றோ தன்னால் திருப்தியடைய முடியவில்லை என்று எழுதினார். நீதிமன்ற மொழியில் இது எச்சரிக்கையான வாக்கியம். உண்மை என்று முத்திரை குத்தவில்லை. ஆனால் ஆணையத்தின் 'புனைவு' என்ற சொல்லுக்கு அடியில் இருந்த தரை போய்விட்டது. பாலத்தில் கார்கள் ஓடத் தொடங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அதே சட்டம், வேறு ஊர்

இந்தச் சட்டத்தால் பெண்களின் தலம் எதுவும் காக்கப்படவே இல்லையா? காக்கப்பட்டது. நாட்டின் நடுப்பகுதியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடக்கே டாட் ஆற்றில் அணை கட்டத் திட்டமிட்டார்கள். முதலில் பொழுதுபோக்கு ஏரி என்றார்கள், பிறகு வெள்ளத் தடுப்பு என்றார்கள். அங்கேதான் அரெர்ன்டே பழங்குடிப் பெண்களின் தலம் வெலாட்டியே தெரே இருந்தது. 1983-இல் பெண்கள் அங்கேயே முகாமிட்டு எதிர்த்தார்கள். 1992-இல் ஹால் வூட்டன் என்ற முன்னாள் நீதிபதியின் அறிக்கையின் பேரில், இதே டிக்னர், இதே சட்டத்தைக் கொண்டு 20 ஆண்டுத் தடை விதித்தார். அது நிலைத்தது.

என்ன வேறுபாடு? அரெர்ன்டே பெண்களுக்குப் பத்தாண்டு அவகாசம் இருந்தது. மொழியும் சடங்கும் அங்கே வெளிப்படையாக வாழ்ந்துகொண்டிருந்தன. நகரத்துக்குப் பக்கத்திலேயே தலம் இருக்கிறது என்பதை வெள்ளையர்களும் அறிவார்கள். தனியார் நிறுவனம் கடன் சுமையோடு எதிரே நிற்கவில்லை, அரசுதான் நின்றது. அங்கேயும் பெண்கள் சொல்லக் கூடாதவற்றில் சிலவற்றை வேதனையோடு வெளியாட்களுக்குச் சொல்ல நேர்ந்தது. ஆகவே அதையும் முழு வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நாட்டின் தெற்கில், மிஷனும் குடியேற்றமும் முதலில் அழித்த பகுதிகளில், எந்தப் பெண்கள் அதிகம் இழந்தார்களோ அவர்களிடம்தான் சட்டம் அதிக ஆதாரம் கேட்கிறது.

1996-இல் முன்னாள் நீதிபதி எலிசபெத் எவாட் மத்தியச் சட்டத்தை மறுஆய்வு செய்து அறிக்கை தந்தார். ஒரு தலம் முக்கியமானதா என்பதையும், அதைக் காப்பதா என்ற அரசியல் முடிவையும் பிரிக்க வேண்டும் என்றார்; முதலாவதைத் தனி அமைப்பு தீர்மானிக்கட்டும், இரகசியத் தகவல்களுக்கு முறையான காப்பு இருக்கட்டும் என்றார். குமராங்க் வழக்கில் உடைந்த எல்லா மூட்டுகளுக்கும் அதில் கட்டு இருந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. விக்டோரியாவில் நெடுஞ்சாலை அகலப்படுத்தும் பணிக்காக ஜாப் வுரங் பெண்களின் பிரசவ மரங்கள் இருந்த பகுதி சர்ச்சைக்கு உள்ளானபோதும், நியூ சவுத் வேல்ஸில் ஒரு தங்கச் சுரங்கத்தின் கழிவு அணைக்கு எதிராக 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சர் தடை விதித்தபோதும் கையில் இருந்தது அதே 1984 சட்டம்தான். அந்தச் சுரங்க விவகாரத்திலும் பழங்குடி அமைப்புகளே இரு பக்கம் நின்றன. சொல்லப்பட்ட கதை பழையதா புதியதா என்று பத்திரிகைகள் கேட்டன. அந்தச் செய்திகளைப் படித்தபோது தேதியை இருமுறை சரிபார்த்தேன்.

கூல்வாவில் பிறகு

2002-இல் கூல்வா படகுத்துறையைப் புதுப்பிக்கத் தோண்டியபோது ஒரு ஙாரிஞ்ஜெரி தாய், குழந்தை ஆகியோரின் எலும்புகள் வெளிப்பட்டன. பால விவகாரத்தில் மக்களோடு முரண்பட்டு நின்ற உள்ளூர் மன்றம் இந்த முறை வேலையை நிறுத்திவிட்டு அவர்களிடம் பேசியது. அந்த அக்டோபரில் இரு தரப்பும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மன்றம் எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. ஒப்பந்தத்தின் பெயர் ஙாரிஞ்ஜெரி மொழியில்: குங்குன் ஙாரிஞ்ஜெரி யுன்னன். ஙாரிஞ்ஜெரி மக்கள் பேசுவதைக் கேளுங்கள் என்று பொருள். உறையைத் திறந்து காட்டு என்று அந்த ஒப்பந்தம் யாரையும் கேட்கவில்லை. மண்ணைத் தோண்டுவதற்கு முன்பே வந்து பேசுவதாக ஒப்புக்கொண்டது.

2010 ஜூலை 6 அன்று மாநிலத்தின் பழங்குடி விவகார அமைச்சர் கிரேஸ் போர்ட்டோலேசி பாலத்தடியில் நடந்த நிகழ்ச்சியில், பெண்களின் அறிவு உண்மையானது என்று அரசின் சார்பில் ஏற்றுக்கொண்டார். கார்ட்டின்யெரி 2007 டிசம்பரிலேயே காலமாகியிருந்தார். பாலத்தை மனத்தால் ஒருபோதும் ஏற்க முடியாது என்று அன்றும் மூத்தவர்கள் சொன்னார்கள். ஆனால் தங்கள் மண்ணுக்கும் நீருக்கும் போவது தங்கள் உரிமை, அதற்காக இனி அதைக் கடப்போம் என்றார்கள்.